இருபத்தேழு பாத்திகளும் காதர் பாயும்

1. கணக்கு உதைத்தது

ஒரு புதன்கிழமை காலை, ஒன்பதாம் நம்பர் பாத்தியில் குந்தி உட்கார்ந்து சோயா செடிகளை எண்ணினேன். ஒரு மீட்டர் வரிசைக்கு ஆறு, மிஞ்சிப் போனால் ஏழு செடி இருக்க வேண்டும். பதினாறு இருந்தது. ஸ்கேலைத் தள்ளி வைத்து அடுத்த வரிசையை எண்ணினேன். பதினேழு. சில செடிகள் தலை தொங்கி நின்றன. சில நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மூன்று நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பாத்தியில் அதிகப்படிச் செடிகளை என் கையாலேயே பிடுங்கி எடுத்தவன் நான். பிடுங்கிய செடி தானாக எழுந்து வந்து மண்ணுக்குள் நின்றுகொள்ளுமா? யாரோ விளையாடுகிறார்கள் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன். யார் என்பதும் எனக்குப் பாதி தெரிந்த மாதிரிதான் இருந்தது.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னிடம் டிரையல், அதாவது வயலில் சோதனைப் பயிர், போடுவது எப்படி என்று கேட்கிறார்கள். லேஅவுட், எந்தப் பாத்திக்கு எது என்று குலுக்கிப் போடும் ராண்டமைசேஷன் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு டிரையலைக் கெடுப்பது எப்படி என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை நான் சொல்கிறேன்.

2. என் சட்டைப் பை

அப்போது நான் தாம்பரத்தில் விதையும் உரமும் விற்கும் ஒரு கம்பெனியில் டெக்னிகல் அசிஸ்டென்ட். இரண்டாயிரத்து ஏழு வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தாம்பரத்தில் ஆபீஸ். டிரையல் நிலம் முடிச்சூர் தாண்டி, படப்பை போகும் ரோட்டை ஒட்டிக் குத்தகைக்கு எடுத்த ஒன்றரை ஏக்கர். சுற்றி இருந்த நெல் வயல் எல்லாம் மனை ஆகிக்கொண்டிருந்த நேரம். மஞ்சள் கல், வெள்ளைக் கல், கலர் கொடி, வளைவு வைத்த நகர்ப் பெயர்கள். நடுவில் எங்கள் சோயா.

கோழித் தீவனத்துக்கு சோயா நன்றாகப் போகிறது, நம் பக்கத்து விவசாயிகளுக்கு விதை விற்கலாம் என்று கம்பெனி நினைத்தது. விதைப் பாக்கெட்டின் பின்பக்கம் என்ன இடைவெளியில் நட வேண்டும், எவ்வளவு உரம் போட வேண்டும் என்று அச்சடிக்க வேண்டும். அதற்குத்தான் டிரையல். சேல்ஸ் பிரிவுக்கு ஒரு ஆசை இருந்தது. நெருக்கி நடச் சொன்னால் விதை கூடப் போகும், உரத்தையும் ஏற்றிச் சொன்னால் மூட்டை கூடப் போகும். எனக்கு அவர்கள் மேலும் சந்தேகம்தான்.

சந்தேகம் என் கூடவே பிறந்தது. டி.ஏ.பி. உர மூட்டை சீல் உடையாமல் வந்தால்கூட நம்ப மாட்டேன். நாலு குருணையை உள்ளங்கையில் போட்டு, களை எடுக்க வரும் அம்சாக்காவின் சுருக்குப் பையிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு வாங்கித் தேய்ப்பேன். மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால்தான் அது டி.ஏ.பி. "சார் வெத்தல போடாமலே சுண்ணாம்ப காலி பண்றாரு" என்று அம்சாக்கா சிரிக்கும்.

டிரையல் இதுதான். வரிசைக்கு வரிசை முப்பது சென்டிமீட்டர், எல்லாப் பாத்திக்கும் ஒன்றே. செடிக்குச் செடி இடைவெளி மட்டும் மூன்று விதம்: ஐந்து, பத்து, பதினைந்து சென்டிமீட்டர். உரமும் மூன்று விதம்: ஒன்றுமே இல்லை, சிபாரிசு அளவு, ஒன்றரை மடங்கு. ஆக ஒன்பது டிரீட்மென்ட். ஒவ்வொன்றும் மூன்று இடத்தில். இருபத்தேழு பாத்தி. எல்லாப் பாத்தியிலும் முதலில் ஐந்து சென்டிமீட்டரில் விதைத்துவிட்டு, பன்னிரண்டு நாள் கழித்து வேண்டிய பாத்திகளில் செடியைக் கலைத்து இடைவெளி உண்டாக்குவது என் திட்டம்.

எந்தப் பாத்தி என்ன டிரீட்மென்ட் என்று எவரிடமும் சொல்லவில்லை. குச்சியில் நம்பர் மட்டும் எழுதி நட்டேன். நம்பருக்கு அர்த்தம் என் சட்டைப் பையில் இருந்த சின்ன நோட்டில். வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்தால் ஒரு பாத்திக்குத் தண்ணீர் கூட விடுவார்கள், ஒரு பாத்தியைக் கவனிக்க மாட்டார்கள், போட்டிக் கம்பெனிக்காரன் டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தைக் கறந்துகொண்டு போவான். இப்படியெல்லாம் எனக்குள்ளேயே ஓடும்.

விதைப்பு அன்று பாத்திவாரியாக உரம் எடை போட்டு, நம்பர் எழுதிய பாக்கெட்டில் கட்டி வரப்பில் அடுக்கினேன். உரமே இல்லாத ஒன்பது பாத்திக்குப் பாக்கெட் கிடையாது. அம்சாக்காவும் மூன்று பெண்களும் உரம் தூவி மூட, நான், வடித்த கஞ்சியில் ரைசோபியம் நுண்ணுயிர் கலந்து நிழலில் காயப் போட்டிருந்த விதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். யாராவது மடியில் ஒரு பிடி கட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று கண் முழுக்க விதை மேல்தான். உரப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

3. கேட்டில் ஒரு டீ

வாட்ச்மேன் காதர் பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். இரும்புலியூர்க்காரர். லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். ஒரு ஷீட் விழுந்து இடது கணுக்கால் போனதும் நின்று செய்கிற வேலை முடியாமல் இங்கே வந்தார். பொத்தேரியில் ஒரு காலேஜில் பெண் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். "இந்த வேல இல்லாங்காட்டி அவ படிப்பு அவ்ளோதான் சார்" என்று சேர்ந்த புதிதிலேயே சொல்லியிருக்கிறார். நான் தலையாட்டிவிட்டு அதையும் சந்தேகக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டேன். பணம் தேவைப்படுகிறவன் எதற்கும் சம்மதிப்பான் என்று.

அந்த ஊரில் ஒரு நிலத் தரகர் இருந்தார். வெள்ளைச் சட்டை, பைக், கையில் எப்போதும் கலர் பிரவுச்சர். எங்கள் நிலத்துச் சொந்தக்காரர் விற்கத் தயார், குத்தகை முடியாமல் விற்க முடியாது. டிரையல் பாழானால் கம்பெனி கிளம்பிவிடும் என்று தரகர் நினைப்பது எனக்குத் தெரியும். என்னிடமே ஒருநாள் கேட்டார். "சார், இந்த பயிர் வெளையலன்னா கம்பெனி காலி பண்ணிடுமா?" அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, கார்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பிடி கொடுக்காமல் வந்துவிட்டேன்.

அதே தரகர் காதர் பாயோடு கேட்டில் நின்று டீ குடித்ததை அடுத்த வாரம் பார்த்தேன். நான் குடித்தால் அது சாமர்த்தியம். அவர் குடித்தால் சதி.

செடி எண்ணிக்கை உதைத்த அந்தப் புதன்கிழமை நான் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று வைராக்கியம். அடுத்த ஞாயிறு தனியாக வந்து, இடைவெளி விட வேண்டிய பதினெட்டுப் பாத்தியிலும் மறுபடி பிடுங்கினேன். முந்தின வாரம் போலவே, பிடுங்கியதைச் சாக்கில் திணித்து மோட்டார் ஷெட்டுக்குப் பின்னால் போட்டேன். காதர் பாய் கேட்டில் ஸ்டூலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இன்னா சார் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்காததே எனக்குப் போதுமான சாட்சியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மறுபடி செடிகள் நின்றன. இந்தத் தடவை கொஞ்சம் வாடிப் போய், ஆனால் நேராக, நூல் பிடித்த மாதிரி.

"பாய், ராத்திரி பகல் இங்க யார் வர்றாங்க?"

"யாரும் வரல சார்."

"அப்ப பாத்தியில கை வச்சது யாரு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அன்று அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

"பயிருக்குக் கெட்டது நான் செய்யல சார். அதுக்கு மேல என்னிய கேக்காதீங்கோ."

"மேல கேட்டா என்ன ஆகும்?"

"உங்களுக்கே தெரியும் சார்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? மிரட்டுகிறார் என்றே முடிவு செய்தேன். அன்றே ஆபீஸுக்குப் போய் மேனேஜர் சௌந்தரராஜனிடம் சொன்னேன்.

"புரூஃப் இருக்கா குணசேகரன்?" என்றார்.

"தரகரோட நின்னு பேசினதைக் கண்ணால பாத்தேன் சார். கேட்டா மழுப்புறார்."

"சரி, ரிஸ்க் எடுக்க வேணாம். ரிலீவ் பண்ணிடுங்க. டிரையல் முக்கியம்."

வியாழக்கிழமை காதர் பாயிடம் சாவியை வாங்கினேன். டார்ச்சையும் விசிலையும் ஸ்டூல் மேல் வைத்தார். "பயிர பாத்துக்கோங்க" என்றார். என்னிடம் இல்லை, வரப்பில் நின்ற அம்சாக்காவிடம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நொண்டி நொண்டி ரோடு ஏறினார். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன பயன்?

4. திங்கட்கிழமை காலை ஆறு மணி

அந்த ஞாயிறு மூன்றாம் தடவையாகப் பிடுங்கினேன். இனிமேல் தொல்லை இல்லை என்று நினைத்தேன். ஆனாலும் என் புத்தி விடுமா? திங்கட்கிழமை ஆறு மணிக்கே போய் மோட்டார் ஷெட்டுக்குள் நின்றுகொண்டேன்.

ஆறரைக்கு அம்சாக்காவும் மூன்று பெண்களும் வந்தார்கள். நேராக ஷெட்டுக்குப் பின்னால் போனார்கள். சாக்கைப் பிரித்தார்கள். அம்சாக்கா செடிகளை வேரோடு பிரித்து, தண்ணீரில் அலசி, நெல் நாற்று முடி கட்டுவது போலப் பிடிபிடியாகக் கட்டி மூன்று பேரிடமும் கொடுத்தது. நாலு பேரும் ஒன்பதாம் பாத்தியில் வரிசையாகக் குனிந்து பின்னால் நடந்துகொண்டே நட ஆரம்பித்தார்கள். ஊரில் இருந்த நஞ்செய் முழுக்க நட்ட கைகள். கண்ணை மூடிக்கொண்டு நட்டாலும் வரிசை கோணாது.

ஷெட்டிலிருந்து வெளியே வந்தேன். நான்கு பேரும் நிமிர்ந்தார்கள். ஒருவரும் பயப்படவில்லை. அதுதான் என்னை முதலில் தடுமாற வைத்தது.

"அம்சாக்கா, என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல? நீ புடுங்கனத நடறோம்." அதுவரை என்னைச் சார் என்று மட்டும் கூப்பிட்ட வாய் அது.

"யார் சொல்லி?"

"காதரு பாய் சொன்னாரு. சார் ஞாயித்துக்கெயம வந்து ஆளு இல்லாத நேரம் பாத்து நல்ல செடிய புடுங்கி சாக்குல கட்றாரு, புரோக்கரு கையில துட்டு வாங்கிகினாரு போலகீது, நாம ஒண்ணும் கேக்க முடியாது, பெரிய எடம், ஆபீஸ்ல சொன்னா சாருக்கு வேல பூடும், ஆனா பயிர சாவ வுடக்கூடாதுன்னாரு. சாக்கு மேல தண்ணி தெளிச்சி ஈரமா வெச்சதும் அவருதான்."

ஷெட்டுக்குப் பின்னால் கிடந்த சாக்கைத் திரும்பிப் பார்த்தேன்.

"நானா? புரோக்கர்கிட்டயா?"

"அந்த ஆளே பாய்கிட்ட வந்து சொன்னானே, உங்க சார்கிட்ட பேசிட்டேன், நீயும் ஒத்துக்கோன்னு. நீயும் அவங்கூட டீ குடிச்சத நாங்க பாத்தமே. பாய் அவன வெரட்டி வுட்டாரு. இன்னா பண்ணே நீ? அந்த மனுசனயே வேலைய வுட்டுத் தூக்கிட்ட."

தரகர் சும்மா வீசிய பொய் அது. ஆனால் என்னையும் அந்த இடத்திலிருந்து பார்த்தேன். தனியாக வருகிறேன். நல்ல செடியைப் பிடுங்குகிறேன். சாக்கில் மறைக்கிறேன். எவரிடமும் எதுவும் சொல்வதில்லை. பையில் ஒரு ரகசிய நோட்டு. நானே வாட்ச்மேனாக இருந்திருந்தால் என்னைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருப்பேன். காதர் பாய் ஆபீஸுக்குப் போய்ப் புகார் சொல்லவில்லை. எனக்கு வேலை போய்விடுமே என்று பார்த்திருக்கிறார். நான் பார்க்கவில்லை.

அந்த வரப்பிலேயே உட்கார்ந்து நோட்டை எடுத்து நாலு பேருக்கும் காட்டினேன். எது நெருக்கம், எது அகலம், எதற்காகப் பிடுங்கினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்சாக்கா கேட்டுவிட்டு, ஒரு வெற்றிலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டது.

"இத மொத நாளே சொல்றதுக்கு இன்னா சார் பேஜாரு?"

சார் திரும்பி வந்துவிட்டது.

பிறகு அது மெதுவாகக் கேட்டது. "அப்ப உரம் வெக்காம வுட்டீங்களே ஒம்போது பாத்தி, அதுவும் வேணும்னேதானா?"

"ஆமா. ஏன்?"

விதைப்பு அன்று நாலு பேரும் செய்ததை அம்சாக்கா சொன்னது. பாக்கெட் குறைகிறது, சார் எடை போட மறந்துவிட்டார், கேட்டால் நாம்தான் தொலைத்தோம் என்பார் என்று நினைத்து, ஒவ்வொரு பாக்கெட்டிலிருந்தும் ஒரு பிடி, இரண்டு பிடி எடுத்து அந்த ஒன்பது பாத்திக்கும் பங்கு போட்டிருக்கிறார்கள். ஒரு பாத்தியும் பட்டினி கிடக்கக் கூடாது என்று. நான் விதைக்குக் காவல் இருந்தபோது.

செடியைப் பிடுங்கிவிடலாம். மண்ணில் போன டி.ஏ.பி.யை எப்படிப் பிடுங்குவது? டிரையல் அன்றோடு செத்தது.

5. எக்ஸெல் ஷீட்

மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். நீண்ட நேரம் பேனாவை உருட்டினார்.

"இந்த சீசன் முழுக்க வேஸ்ட்னு ஹெட் ஆபீஸுக்கு எழுத முடியாது குணா. பாத்தியில செடி நின்னுகிட்டுதான இருக்கு? அறுவடை பண்ணி ஈல்டு எடுங்க. கொஞ்சம் அப்படி இப்படி இருந்தா எக்ஸெல்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். வாட்ச்மேன் மேட்டரை ஏன் கிளறணும்?"

"அந்த நம்பரைப் பாக்கெட்ல அடிச்சு விவசாயிகிட்ட குடுப்போமே சார்."

"நம்மள யாரு சந்தேகப்படப் போறாங்க?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வியை அந்த வாரம் என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் எழுதினேன்: டிரையல் ரத்து, காரணம் களப் பணியாளர்களுக்கு நான் விளக்கம் சொல்லாதது, வாட்ச்மேன் மீது தவறு இல்லை, அவரைத் திரும்ப எடுக்க வேண்டுகிறேன். கையெழுத்துப் போட்டேன். எனக்கு ஒரு மெமோ வந்தது. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் ஹெட் ஆபீஸ் இன்னொரு சீசன் கொடுத்தது. இந்தத் தடவை குச்சி நடுவதற்கு முன்னால் அம்சாக்கா குழுவை உட்கார வைத்து ஒவ்வொரு பாத்தியும் எதற்கு என்று சொன்னேன். அறுவடைக்கு முன்னாலேயே அவர்களே முடிவைப் படித்துவிட்டார்கள்.

"ஒட்டி ஒட்டி வெச்சது ஒசரமா போயி சாஞ்சிகினு கீது. கீழ காயே இல்ல" என்றது அம்சாக்கா. உண்மைதான். ஐந்து சென்டிமீட்டரில் செடிகள் வெளிச்சத்துக்கு அடித்துக்கொண்டு ஒல்லியாக வளர்ந்தன. பதினைந்தில் ஒவ்வொரு செடியும் கிளை விட்டு நிறையக் காய்த்தது, ஆனால் செடி எண்ணிக்கை குறைந்ததை அந்தக் காய் ஈடுகட்டவில்லை. பத்துதான் நின்றது. உரம் இல்லாத பாத்தி வெளிறி, காய் சின்னதாக இருந்தது. சிபாரிசு அளவு போட்டது தேறியது. ஒன்றரை மடங்கில் இலை மட்டும் கரும்பச்சை, பிடுங்கிப் பார்த்தால் வேரில் காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கும் முடிச்சுகள் குறைவு. தழைச்சத்து மேலே கிடைக்கும்போது சோயா வேர் எதற்கு உழைக்கும்? நெருக்கமும் கூடுதல் உரமும் சேர்ந்த பாத்திதான் முதலில் சாய்ந்தது. சேல்ஸ் பிரிவு முகம் சுளித்தது. பாக்கெட்டில் முப்பதுக்குப் பத்து என்று அச்சானது.

6. வந்த காரணம்

காதர் பாயைத் திரும்ப எடுக்க மேனேஜர் ஒத்துக்கொண்டது அந்த அறுவடைக்கு அப்புறம்தான். இரும்புலியூரில் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, "சிறுசேரில செக்யூரிட்டி வேல பாக்குறாரு" என்றார். நான் யார் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சிறுசேரியில் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி கேட்டில் நீலச் சட்டை, தொப்பியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. ரெஜிஸ்டரை நகர்த்தினார்.

"எழுதுங்க சார். பேரு, அட்ரஸு, யார பாக்கணும், இன்னாத்துக்கு."

யாரைப் பார்க்க என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன். வந்த காரணம் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, மன்னிப்புக் கேட்க என்று எழுதினேன். அவர் ரெஜிஸ்டரைத் திருப்பி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இத சூப்பர்வைசர் பாத்தா பேஜார் சார். பர்சனல்னு போடுங்கோ."

அடித்து பர்சனல் என்று எழுதினேன். என் தோள் பையைக் காட்டச் சொன்னார். டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார். குடையை விரித்துப் பார்த்தார். ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"பாய், தப்பு என்னுதுதான். ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டேன். மறுபடி வாங்க. பொண்ணு படிப்பு..."

"ஒரு வருசம் நின்னுச்சி. இப்ப மறுபடியும் போறா." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "நானும் உங்கள தப்பாதான் நெனச்சேன் சார். அம்சா வந்து சொல்லிச்சி. அது சரியாப் பூடுச்சி. ஆனா அங்க வரமாட்டேன்."

"ஏன் பாய்? இங்க நாள் முழுக்க நிக்கணுமே, கால் என்ன ஆகும்?"

"கால் வலிக்குதுதான். ஆனா இங்க எல்லாரையும் சந்தேகப்படணும்னு மொதல்லயே எழுதி ஒட்டிகீறாங்கோ. எம்.டி. வந்தாலும் பைய தொறக்கணும். வூட்டுக்குப் போறப்ப என் பையையும் தொறந்து பாப்பாங்கோ. யாருக்கும் மனசு கஷ்டம் இல்ல. நீங்க பாத்தீங்களே சார் ஒரு பார்வ, சாவி வாங்கும்போது, அது என்னிய மட்டும் பாத்தது."

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் சல்யூட் வைத்துத் தடுப்புக் கம்பத்தைத் தூக்கப் போனார். வெளியே போகும் நேரத்தை ரெஜிஸ்டரில் நானே எழுதிவிட்டு வந்தேன்.

டிரையல் போடப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். குச்சியை நடும் முன் வேலை செய்கிறவர்களை உட்கார வைத்து, எதற்கு இதெல்லாம் என்று சொல்லுங்கள். எந்தப் பாத்தி பட்டினி கிடக்கப் போகிறது, எந்தச் செடி பிடுங்கப்படும், ஏன் என்று சொல்லுங்கள். கெட்டுப்போன பயிரை நான் அடுத்த சீசனிலேயே திரும்ப விதைத்துவிட்டேன். அந்தப் பெண்ணின் ஒரு வருஷத்தை எந்த சீசனிலும் திருப்பித் தர என்னால் முடியவில்லை.